மூன்று மணிக்குள் ஒரு மனு

எட்டு நாளாகத் தம்பி அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. கணவரின் தம்பி. இருபத்தைந்து வருடமாகத் தினமும் காலை ஏழரைக்கு வந்து, சமையலறை வாசலில் நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு, அண்ணனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனவன். ஐந்து மாதத்துக்கு முன் அண்ணன் மார்வலியில் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. தனியாக வருவான், டீயைக் குடிப்பான், தனியாகப் போவான்.

போன வாரம் கட்சிச் செயலாளர் வந்து, அண்ணன் விட்டுப் போன சட்டமன்ற இடத்துக்கு இடைத்தேர்தலில் அண்ணியைத்தான் நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாரே, அன்றைக்கு நின்றது அவன் வரவு.

அவளும் கூப்பிடவில்லை. ஆனால் எட்டு நாளும் கை தன்னால் இரண்டு டம்ளர் டீ போட்டுக்கொண்டிருந்தது.

ஊரில் அவளை உறுப்பினர் மனைவி என்று யாரும் சொன்னதில்லை. டைம்கீப்பரம்மா என்றால்தான் தெரியும். பஸ் டெப்போவின் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, வண்டி புறப்படும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதியவள். இரண்டு நிமிடம் தாமதமாக வந்த டிரைவர் அந்த ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பமாட்டான். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னும் பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டால் நாலு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

காலை எட்டு மணிக்குச் செயலாளரின் போன் வந்தது.

"அம்மா, இன்னிக்கு மூணு மணியோட மனுத் தாக்கல் முடியுது. யோசிக்கிறேன், யோசிக்கிறேன்னு எட்டு நாள் ஓட்டிட்டீங்க."

"மூணு மணிக்குள்ள சொல்றேன்."

"சொல்றது இல்லம்மா, மூணு மணிக்குள்ள மனுவே குடுத்திருக்கணும். நீங்க ஒண்ணும் மேடையேறிப் பேச வேண்டாம். ஜீப்பில நின்னு கையை ஆட்டினாப் போதும். மிச்சத்தை அய்யா போட்டோ பார்த்துக்கும்."

அவள் போனை வைத்தாள். போட்டோ பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு, காலுக்குள் போன பொடிக்கல் மாதிரி உறுத்தியது.

அன்றைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உறுப்பினர் அலுவலகத்தை ஒரு மணிக்குள் காலி செய்து சாவியைத் தரும்படி கடிதம் வந்திருந்தது. புதிதாக வருகிறவருக்கு வெள்ளையடித்து வைக்க வேண்டுமாம். அதற்காகவே கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு மகள் வந்திருந்தாள். அங்கே கண் பரிசோதனை செய்கிறவள். எதிரே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிற தொனியில்தான் பேசுவாள்.

"அம்மா, ஒரே வார்த்தை. முடியாதுன்னு சொல்லிடு. அப்பாவைக் குடுத்தது போதாதா? வீட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை அவரை முழுசாப் பார்த்திருக்கோமா?"

"முதல்ல அலுவலகத்தைக் காலி பண்ணுவோம், வா."

"நீ பேச்சை மாத்துற."

"ஆமா, மாத்துறேன். பையை எடு."

அலுவலகம் சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. படியேறும்போதே கதவு திறந்திருப்பது தெரிந்தது. உள்ளே தம்பி தரையில் உட்கார்ந்து, கோப்புகளைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். ஐம்பதைத் தொடப்போகிறவன். அண்ணனுக்காக ஊராரின் மனுக்களை எழுதி எழுதி, 'மனுத் தம்பி' என்பதே அவனுக்குப் பெயராகிவிட்டிருந்தது.

"வாங்க அண்ணி," என்றான், கயிற்றைப் பார்த்துக்கொண்டு.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

எட்டு நாள் கோபம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது போல் இருந்தது. அடங்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். மகள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

வேலை ஓடியது. தெருவிளக்கு ஒரு கட்டு, குடிநீர்க் குழாய் ஒரு கட்டு. பள்ளிக்கூடச் சுவர் விரிசல் மட்டும் மூன்று கட்டு. ஊருக்கு வெளியே பாறை உடைக்கிற குவாரியில் வெடி வைக்கும்போதெல்லாம் அந்தச் சுவர் இன்னும் கொஞ்சம் வாய் திறக்கும். குவாரியை நிறுத்தச் சொல்லி நாலு வருடமாக மன்றத்தில் கேட்டுக்கொண்டிருந்தார் அவர். அதே குவாரி முதலாளிதான் எதிர்க்கட்சி வேட்பாளராக முதல் நாளே மனுக் கொடுத்திருந்தார்.

நடுவே ஒரு தனிக் கோப்பு. பக்கத்து வீட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிறது என்று ஒருவர் பதினெட்டு வருடமாக எழுதிய மனுக்கள்.

"ஒரே சேவலா சித்தப்பா?" என்றாள் மகள்.

"அஞ்சாவது தலைமுறை. அந்த ஆளும் விடல, சேவலும் விடல. உங்கப்பா ஒவ்வொரு மனுவுக்கும் பதில் போட்டார்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த வாக்கில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து மகள் ஒரு படத்தை எடுத்துத் தூசி தட்டினாள். மழையில் நனைந்த மூன்று பேர், ஒரே குடையின் கீழ். நடுவில் இருப்பவர் தோளில் ஏணி.

"இது எப்ப எடுத்தது?"

"முதல் தேர்தல்," என்றாள் அவள். "அதுவும் இடைத்தேர்தல்தான்."

கையில் வாங்கிப் பார்த்தபோது, அவளுக்கு அந்த மழையின் சத்தமே கேட்பது போல் இருந்தது.

இருபத்தைந்து வருடத்துக்கு முன், அப்போதிருந்த உறுப்பினர் திடீரென்று இறந்துபோனார். பதவிக்காலத்தில் மிச்சம் பதினாலே மாதம். பதினாலு மாதத்துக்காக யார் ஊரெல்லாம் அலைவது என்று கட்சியில் பெரிய மனிதர்கள் எல்லோரும் நழுவினார்கள். கடைசியில், கூட்டத்துக்கு மைக் செட் பொருத்த வந்த எலக்ட்ரீஷியனைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அந்த எலக்ட்ரீஷியன்தான் அவள் கணவர்.

பிரசாரம் மூன்று வாரம், மூன்று வாரமும் மழை. அவளுக்குக் காலை ஷிப்ட். நாலரைக்கு டெப்போ ஜன்னலைத் திறந்து பன்னிரண்டரைக்கு மூடிவிட்டு, நேராகத் தெருவுக்கு வந்துவிடுவாள். அங்கே பார்த்தால் வேட்பாளர் ஏதாவது ஒரு வீட்டு ஏணியின் உச்சியில் இருப்பார்.

ஓட்டுக் கேட்கப் போன வீட்டில் மின்விசிறி சுற்றவில்லை என்பார்கள். உடனே ஏறிவிடுவார். அடுத்த வீட்டில் சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்பார்கள். அங்கேயும் ஏறிவிடுவார். அரை நாளில் ஆறு வீடு. தம்பிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. "அண்ணே, கீழ எறங்கு, இன்னும் நாலாயிரம் வீடு கெடக்கு" என்று அடியில் நின்று கத்துவான். "இந்த ஒயரை மட்டும் முறுக்கிட்டு வந்துடறேன்" என்று மேலேயிருந்து பதில் வரும்.

அவருக்கு மேடைப் பேச்சு வராது. மைக்கைக் கொடுத்தால் அது சரியாக இருக்கிறதா என்று திருகிப் பார்ப்பார். ஒருநாள் வேறு வழியில்லாமல் அவளே மைக்கை வாங்கினாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். டெப்போவில் வண்டியை அறிவிக்கிற அதே குரலில், "பயணிகளின் கவனத்திற்கு. நமது வேட்பாளர் மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்குப் புறப்படத் தயாராக உள்ளார். வீட்டில் விளக்கு எரியாதவர்கள் வாசலில் நிற்கவும்" என்றாள்.

தெருவே சிரித்தது. மறுநாளிலிருந்து அந்த அறிவிப்பைக் கேட்கவே கூட்டம் கூடியது.

பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார். இரண்டு தடவை எண்ணினார்கள். இரண்டு தடவையும் பத்தொன்பது. முடிவு சொன்ன பிறகு, மழைக்கு ஊரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. டெப்போ கேண்டீனுக்குப் போய் மூவரும் ஆளுக்கொரு பன்னும் டீயும் வாங்கினார்கள். அந்தப் பன்னின் ருசி பிறகு எந்த விருந்திலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் ஐந்து தேர்தல் ஜெயித்தார். எதிலும் அவள் மைக்கைத் தொடவில்லை. ஷிப்ட், வீடு, மகளின் படிப்பு என்று நாள் ஓடிவிட்டது.

"நீ மைக்கில பேசினியா? நீயா?" மகள் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலையே."

"நீ கேக்கல."

தம்பி தலையைக் குனிந்தபடியே சொன்னான். "அந்தப் பத்தொன்பது ஓட்டும் அண்ணி குரலுக்கு விழுந்ததுன்னுதான் அண்ணன் கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார்."

அவளுக்கு இது புதுச் செய்தி. அவர் அவளிடம் சொன்னதில்லை. வெளியே சொல்லி வீட்டுக்குள் சொல்லாத ரகம்.

மணி பதினொன்றரை இருக்கும். மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்த மகள், 'அனுப்ப வேண்டியவை' என்று தம்பியின் கையெழுத்தில் எழுதியிருந்த கோப்பைப் பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு கடிதம். படித்துக்கொண்டே வந்தவளின் முகம் மாறியது. அம்மாவிடம் நீட்டினாள்.

கணவரின் கையெழுத்து. பேரவைத் தலைவருக்கு எழுதியது. தேதி, அவர் இறப்பதற்கு ஏழு வாரம் முன்னால்.

'கடந்த சில மாதங்களாக மனுக் கொடுக்க வருபவர்களின் பெயர் எனக்கு மறந்துபோகிறது. முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. சென்ற கூட்டத்தில் பள்ளிக்கூடச் சுவரைப் பற்றிப் பேச எழுந்து, எதற்கு எழுந்தேன் என்பதே மறந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த நிலையில் பதவியில் நீடிப்பது முறையல்ல. என் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு, இந்த இடத்தைச் சீக்கிரம் நிரப்ப வேண்டுகிறேன். மனுக்கள் காத்திருக்கின்றன.'

கீழே கையெழுத்து, கோணாமல், தெளிவாக.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தது, மகளைத் தன் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டது, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றது எல்லாம் வரிசையாக வந்தன. களைப்பு என்று நினைத்திருந்தாள். மனிதர் உள்ளுக்குள் எவ்வளவு பயந்திருப்பார்.

"இது ஏன் இங்க இருக்கு?" குரல் டெப்போக் குரலாகிவிட்டது.

தம்பி எழுந்து நின்றான்.

"ஒரு திங்கக்கிழமை என் கையில குடுத்தார் அண்ணி. தபால்ல போடுன்னார். மறுநாள் காலைல எப்பவும்போல வந்து உக்கார்ந்து, இன்னிக்கு என்ன மனு வந்திருக்குன்னு கேட்டார். லெட்டரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எழுதினதே அவருக்கு ஞாபகம் இல்லன்னு புரிஞ்சுது. நீங்க ராஜினாமா பண்ணிட்டீங்கண்ணேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்." கயிற்றை விரலில் சுற்றினான். "அது மட்டும் இல்ல. அவர் இறங்கிட்டா இந்த ரூமும் இல்ல, நானும் இல்ல. அந்த நெனப்பும் இருந்துச்சு. பொய் சொல்ல விரும்பல."

"அந்த ஏழு வாரம் வீட்டுல இருந்திருப்பார் சித்தப்பா," என்றாள் மகள். "எங்களோட இருந்திருப்பார்."

 கண் கலங்கி நின்றான்.

டைம்கீப்பரம்மாவுக்குக் கோபம் பொங்கி வந்தது. பொங்கிய வேகத்திலேயே எங்கோ வழி தெரியாமல் நின்றும் போயிற்று. ஏழு வாரமும் அண்ணன் மறந்த பெயர்களை முதுகுக்குப் பின்னால் நின்று காதில் சொன்னவன் இவன்தானே. அதையும் அவளால் மறக்க முடியவில்லை.

"நீ நிக்கணும்னு ஆசைப்படுறியா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இந்தக் கட்டைக் கீழ வச்சிட்டு வர்றேன்," என்று பள்ளிக்கூடச் சுவர்க் கட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

அவன் இறங்கியதும் அவள் செயலாளருக்குப் போன் செய்தாள்.

"தம்பியை நிறுத்துங்க. ஊர்ல ஒவ்வொரு வீட்டுக் கஷ்டமும் அவனுக்குத் தெரியும்."

"நல்ல மனுஷன்தான்மா, இல்லேங்கல. ஆனா தேர்தலுக்கு முகம் வேணும். கட்சிக் கடிதம் உங்க பேர்ல தயாரா இருக்கு. நீங்க இல்லேன்னா நாங்க பேருக்கு யாரையாவது நிறுத்துவோம். குவாரிக்காரர் நோகாம ஜெயிச்சிடுவார். உங்க இஷ்டம்."

போனை வைத்துவிட்டு, கடிதத்தின் கடைசி வரியை இன்னொரு முறை படித்தாள். மனுக்கள் காத்திருக்கின்றன. செத்துப்போன மனிதர் சொல்லவில்லை அதை. உயிரோடு, சுய நினைவோடு, தன்னைத் தானே இறக்கிவைத்த மனிதர் சொல்லியிருக்கிறார்.

"முன்மொழிய இந்த ஊர் ஓட்டர் ஒருத்தர் கையெழுத்து வேணுமாம்," என்றாள் மகளிடம், செயலாளர் கொடுத்துவிட்டுப் போன மனுப் படிவத்தை எடுத்து நீட்டி. "நீ போடுவியா?"

மகள் படிவத்தை வாங்கி மேசைமேல் விரித்தாள்.

"காலைல நான் சொன்னதை மாத்திக்கலம்மா. இப்பவும் எனக்குப் பிடிக்கல."

"சரி."

"ஆனா வேற யார் கையெழுத்தும் அதுல இருக்கக் கூடாது. பேனாவைக் குடு."

கீழே தம்பி கட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். "மனுக் குடுக்கப் போறேன். நீயும் வா," என்றாள் அவள்.

அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீங்க போங்க அண்ணி. சாவியை ஒப்படைச்சிட்டு வந்துடறேன்."

தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் கூட்டம் அதிகமில்லை. வாசலில் செயலாளர் மலர்ந்த முகத்தோடு நின்றிருந்தார். கையில் ஒரு சுருள். விரித்துக் காட்டினார். ஆள் உயர போஸ்டர். முக்கால்வாசி கணவரின் படம். கீழே மூலையில், தபால்தலை அளவில் அவள்.

"எப்படிம்மா இருக்கு? அய்யா மறுபடியும் ஓட்டுக் கேட்டு வர்ற மாதிரி இல்ல?"

அவள் போஸ்டரைப் பார்த்தாள். சிரிக்கும்போது இடப்பக்கம் கொஞ்சம் ஏறுகிற அந்த உதட்டைப் பார்த்தாள். பிறகு அதைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இது வேண்டாம்."

"என்னம்மா, அவர் படம் இல்லாம..."

"அவர் போதும்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். அவரை மறுபடியும் தெருவுக்கு இழுக்காதீங்க." கைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். "படிச்சுப் பாருங்க. என் பேரு போடுங்க, பள்ளிக்கூடச் சுவர்னு போடுங்க, குவாரின்னு போடுங்க. நான் ஜீப்பில நின்னு கையை ஆட்டமாட்டேன். மைக் குடுங்க, பேசுறேன். இதுக்குச் சம்மதம்னா அந்தக் கட்சிக் கடிதத்தைக் குடுங்க. இல்லேன்னா இப்பவே வீட்டுக்குப் போறேன்."

செயலாளர் கடிதத்தைப் படித்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கட்சிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

மணி இரண்டே கால். உள்ளே ஊழியர் டோக்கன் கொடுத்தார். நாலாம் நம்பர். மகள் நகல் எடுக்கப் போயிருந்தாள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. மனம் மட்டும் காலை ஷிப்டுக்குக் கிளம்பிய மாதிரி லேசாக இருந்தது.

தம்பி வந்தான். சட்டையெல்லாம் சணல் தூசி. சாவி ஒப்படைத்த ரசீதை அவளிடம் கொடுத்தான். அவனுடைய இன்னொரு கையில் பழுப்பு நிற உறை ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு டோக்கன். ஐந்தாம் நம்பர்.

அவள் டோக்கனைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழியணும் அண்ணி," என்றான் மெதுவாக. "எட்டு நாளா அதுக்குத்தான் அலைஞ்சேன். வீட்டுப் பக்கம் வர முகமில்ல."

"ஓட்டு ரெண்டாப் பிரிஞ்சா யாருக்கு லாபம்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எத்தனையோ பேர் பேரை எழுதிட்டேன். ஒரு தடவை என் பேரை நானே எழுதிப் பார்க்கணும்னு தோணுச்சு. வாபஸ் வாங்கத் திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

"வாங்குவியா?"

அவன் டோக்கனைத் திருப்பிப் பார்த்தான். உள்ளே மூன்றாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். நகல்களோடு திரும்பி வந்த மகள், சித்தப்பாவின் கையிலிருந்த டோக்கனைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

டைம்கீப்பரம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருப்பா. நிக்கறதுக்குத்தான் இன்னும் மூணு வாரம் கெடக்கே."